பதினேழாம் எண்ணில் இன்னொருவர்

எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொருவரும் உட்காரும் கதிரைக்கு ஓர் எண் உண்டு. உள்ளறையில் முதலாளி ஐயாவுக்குப் பதினாறு, ஜன்னலோரத்துக்குப் பதினேழு, மூலைக்குப் பதினெட்டு. கணினிகளும் பிரிண்டரும் ஒன்றையொன்று அடையாளம் காண்பது இந்த எண்ணை வைத்துத்தான். மற்ற இடங்களில் அதைக் கணினிக்குக் கொடுப்பார்களாம். எங்களிடம் அது கதிரைக்கு. கணினி பழுதாகிப் புதிது வந்தாலும் கதிரையின் எண் மாறாது. இந்த ஒழுங்கைச் செய்தவர் அக்கா. காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்டரை வெட்டி, அதில் எண்ணை எழுதி, ஒவ்வொரு மேசைக்கும் மேலே சுவரில் ஒட்டிவிட்டிருந்தார்.

அக்கா என்று நான் சொல்வது கூடப்பிறந்தவரை அல்ல. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு குறுகிய ஒழுங்கையில், மாடிக் கட்டடமொன்றின் கீழ்த்தளத்தில் எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகம் இருக்கிறது. வெளிநாடு போகிறவர்களின் பிறப்பு, விவாக, மரணப் பத்திரங்களை ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுப்பது எங்கள் வேலை. அக்காவும் நானும் மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்வோம். ஐயா பார்த்துக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவார். அக்காவின் வீடு எங்கள் தலைக்கு நேர் மேலே, முதலாம் மாடியில். நான் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வந்து சேரும்போது, அவர் தலை பின்னி, பொட்டு வைத்து, படியிறங்கி வந்து மின்விசிறிக்குக் கீழே சாவகாசமாக உட்கார்ந்திருப்பார். எனக்கு அது எரிச்சல்தான்.

"உங்களுக்கென்ன அக்கா, இறங்கினா ஒபிஸ், ஏறினா வீடு" என்பேன்.

"ஏறிப் பாரும், முழங்கால் என்ன சொல்லுது எண்டு தெரியும்" என்பார்.

முடித்த வேலைகளை நாங்கள் ஒவ்வொன்றாக அச்சிடுவதில்லை. பின்னேரம் சாமிப்படத்துக்கு விளக்கு வைத்த பிறகுதான் ஐயா கையெழுத்துப் போடுவார். அதனால் அன்றைய வேலை முழுவதையும் அக்கா தன் கணினியில் சேர்த்து வைத்து, விளக்கு வைத்ததும் ஒரேயடியாக பிரிண்டருக்கு அனுப்புவார். அதற்குக் 'கட்டு அடிக்கிறது' என்று பெயர். கட்டுக்குள் முதலில் பிறப்பு, பிறகு விவாகம், மரணம் கடைசி. அன்றைய முதல் கையெழுத்து ஒரு மரணத்தில் விழக்கூடாது என்பது அவருடைய கணக்கு. கட்டு அடித்து முடிந்தால் அவருக்கு வேலை முடிந்தது. நான் பஸ்ஸுக்கு ஓடுவேன், அவர் படியேறுவார்.

ஒரு விடுமுறை நாள் காலையில், வீட்டில் நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லிக் கதிரையில் உட்கார்ந்த அக்கா பிறகு எழும்பவில்லை. அவருடைய மரணப் பத்திரத்தை ஆங்கிலத்துக்கு மாற்றியதும் நான்தான். கனடாவில் இருக்கும் மகனுக்குத் தேவைப்பட்டது. மூலையில், பதினெட்டில் இருந்து செய்தேன். மரணத்துக்கான காரணம் என்ற இடம் வந்ததும் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து மிச்சத்தை முடித்தேன். அன்றைய கட்டுக்குள் அதைக் கடைசியாக வைத்தேன்.

அதற்குப் பிறகு பல மாதம் பதினேழு வெறுமையாகக் கிடந்தது. அக்காவின் மடிக்கணினி ஒருநாள் மேசையில் இல்லை. பழையதைக் கடைக்காரன் எடுத்துக்கொண்டு போயிருப்பான் என்று நானே நினைத்துக்கொண்டேன், ஐயாவிடம் கேட்கவில்லை. கட்டு அடிக்கிற வழக்கமும் நின்றுவிட்டது. நான் அவ்வப்போது முடித்ததை அவ்வப்போது அச்சிட்டு ஐயாவின் மேசையில் வைத்தேன்.

பிறகு ஐயா புதுக் கணினி ஒன்றை வாங்கினார். அதை ஜன்னலோரத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, "இனி நீர் அங்கை இரும் பிள்ளை. கட்டையும் பழையபடி பின்னேரம் அடியும்" என்றார்.

எனக்கு அங்கே இருக்க விருப்பமில்லை. அந்தக் கதிரையின் மெத்தையில் அக்கா இருந்த பள்ளம் அப்படியே இருந்தது. ஆனால் மாட்டேன் என்றால் ஐயா புதிதாக யாரையாவது எடுப்பார். ஊர் பேர் தெரியாத ஒருத்தி வந்து அந்தப் பள்ளத்தில் உட்காருவாள். அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கும் வேண்டாம், இன்னொருத்திக்கும் கொடுக்க மனமில்லை. அந்த நிலையில்தான் போய் உட்கார்ந்தேன்.

தெஹிவளையிலிருந்து, நாங்கள் நானா என்று கூப்பிடும், கணினி பூட்டித் திருத்துகிற முஸ்லிம் அண்ணர் வந்தார். சுவரில் இருந்த பிளாஸ்டரைப் பார்த்தார்.

"இந்த சீட்டுக்கு பதினேழு தானே? ஆள் இல்லத்தானே இப்ப. அதையே போட்டுடுறன்" என்றார்.

ஆள் இல்லை என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. என்றாலும் தலையாட்டினேன். எண்ணைப் போட்டார், பிரிண்டரைச் சேர்த்தார், சோதனைக்கு ஒரு தாள் அடித்துக் காட்டினார். எல்லாம் சரி. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் விளக்கு வைத்ததும் கட்டை அனுப்பினேன். பிறப்புப் பத்திரங்கள் ஒழுங்காக வந்தன. விவாகம் தொடங்கும்போது பிரிண்டர் நின்றது. திரையில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு. இந்த எண்ணை இன்னொரு கணினி பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என்றது.

நான் சுற்றிப் பார்த்தேன். மூலையில் என் பழைய கணினி அணைந்திருந்தது. உள்ளே ஐயாவின் கணினி பதினாறில் இருந்தது. வேறு கணினியே அங்கு இல்லை.

அடுத்த நாள் காலையில் எல்லாம் நல்ல பிள்ளையாக வேலை செய்தது. பின்னேரம் கட்டு பாதியில் நின்றது. அடுத்தடுத்த நாட்களும் அப்படித்தான். பகல் முழுக்க எத்தனை தாள் அடித்தாலும் அடிக்கும். விளக்கு வைத்துக் கட்டைத் தொடங்கினால், கொஞ்ச நேரம் ஓடும், பிறகு அதே அறிவிப்பு. நானும் விடவில்லை. பிரிண்டரை அணைத்துப் போட்டேன். கணினியிலிருந்து அதை நீக்கித் திரும்பவும் சேர்த்தேன். வயரை மாற்றினேன். யாருமில்லாத நேரம் பார்த்து அதன் பக்கத்தில் ஓங்கி ஒரு தட்டும் தட்டினேன். ஐயா எட்டிப் பார்த்து, "புதுசெல்லோ, பழகுமட்டும் அப்பிடித்தான்" என்றார். ஏதோ புது மாடு வாங்கிவிட்ட மாதிரி.

சிரித்தேன். ஆனால் எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துவிட்டது. அக்காவின் கதிரை, அக்காவின் எண், அக்காவின் நேரம். அந்த நேரம் பார்த்து, இந்த இடத்தில் ஆள் இருக்கிறது என்று ஒரு இயந்திரம் தினமும் எனக்குச் சொல்கிறது. பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை நான். ஆனாலும் ஒருநாள் பின்னேரம் வாய்விட்டே கேட்டேன்: "அக்கா, நான் எழும்பட்டோ?"

ஜன்னலுக்கு அப்பால் கரையோர ரயில் ஒன்று போனது. மேலே எங்கேயோ குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

இனிமேல் முடியாது, திரும்ப மூலைக்கே போகிறேன் என்று திங்கட்கிழமை ஐயாவிடம் சொல்வதாக முடிவு செய்துவிட்டேன். யாரை எடுத்தாலும் எடுக்கட்டும். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை ஐயா கோயிலுக்குப் போயிருந்தார். போகும்போது, கட்டை அடித்து மேசையில் வைக்கும்படியும், வந்து கையெழுத்து வைப்பதாகவும் சொல்லியிருந்தார். நானே விளக்கை வைத்தேன். கட்டைத் தொடங்கினேன். பாதியில் நின்றது. கோபத்தில் நானாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"தங்கச்சி, நான் சொல்ற மாதிரி செய்ங்க" என்றார் அவர். பின்னால் பிள்ளைகள் கத்துவது கேட்டது. "உங்கட புது கம்பியூட்டர்ட வயரக் கழட்டுங்க. பொறவு அந்த ரூட்டர் இரிக்கி தானே, மேல லைட் மின்னுற பெட்டி, அத ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க."

கழற்றினேன். பெட்டியை அணைத்துப் போட்டேன். அதன் சிறு விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகும்வரை நின்றேன்.

"இப்ப மத்த ரூமுக்குப் போய் சேர்ட கம்பியூட்டர்ல இருந்து பதினேழ கூப்பிட்டுப் பாருங்க. நான் சொல்றத அப்பிடியே அடிங்க. உங்கடத கழட்டியாச்சு தானே, அப்ப அங்க ஆள் இல்ல. பதில் வரக்கூடா. வந்தா வேற ஆள் இரிக்கி."

உள்ளறைக்குப் போய், ஐயாவின் கதிரையில் இருந்து, அவர் சொன்ன சொல்லையும் எண்ணையும் அடித்தேன். விசையைத் தட்டினேன்.

கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது. பதினேழிலிருந்து பதில். அதற்குக் கீழே இன்னொரு வரி, அதே பதில். இன்னொன்று.

"நானா, பதில் வருது."

"அப்ப ஆள் இரிக்கி."

"ஒருத்தரும் இல்லை நானா. அந்தக் கம்பியூட்டர் இப்ப இல்லை. அதில இருந்த ஆளும் இல்லை."

அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. வெளியே, ஆளில்லாத அறையில், பிரிண்டர் ஓடத் தொடங்கிவிட்டது.

என் கணினியின் வயர் கழன்று தரையில் கிடந்தது. ஐயாவின் கணினிக்கு முன்னால் நான் இருக்கிறேன், எதையும் அனுப்பவில்லை. பிரிண்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கட்டு அடிக்கிற அதே சத்தம், அதே வேகம். எங்கள் பிரிண்டர் தாளைக் குப்புறத்தான் தள்ளும். வெள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளாக வந்து விழுந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடிவிட வேண்டும் போல இருந்தது, ஆனால் வெளியே போகிற கதவுக்குப் பிரிண்டரைத் தாண்டித்தான் போகவேண்டும். கடைசியில் கிட்டப்போய் மேல் தாளை எடுத்துத் திருப்பினேன்.

அக்கா சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்ததைத் திருப்பினேன். அக்கா. அதற்கடுத்ததும் அக்கா. ஒரே சிரிப்பு, ஒரே பொட்டு, கறுப்பு வெள்ளையில், மை குறைந்து கன்னத்தில் ஒரு வெளிறிய கோடு. தட்டில் தாள் தீர்ந்து சிவப்பு விளக்கு எரியும்வரை அவர் வந்துகொண்டே இருந்தார். நான் தரையில் குந்திவிட்டேன். அழுதேன் என்றுதான் சொல்லவேண்டும், பயத்திலா வேறு எதிலா என்று எனக்கே தெரியாது. கையில் இருந்த தொலைபேசியில் நானா, "தங்கச்சி, ஹலோ, தங்கச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதை அணைத்தேன்.

அப்போதுதான் அக்காவின் தோளில் ஒரு கையைக் கண்டேன். மணிக்கட்டுக்குச் சற்று மேலே வெட்டுப்பட்ட கை. அதில் ஒற்றைக் காப்பு.

அந்தக் காப்பு இப்போதும் என் கையில் இருந்தது. படம் எனக்கு நினைவுக்கு வந்தது. அலுவலகத்தில் நவராத்திரி வாணிவிழாவுக்குச் சுண்டலும் அவலும் வைத்த அன்று ஐயா எடுத்தது. அக்காவும் நானும் சேர்ந்து நின்றோம். அந்தப் படத்திலிருந்து யாரோ என்னை வெட்டி எடுத்துவிட்டு, கையை மட்டும் விட்டிருந்தார்கள்.

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. பயத்தை அது தள்ளிவிட்டது. என்னை யார் வெட்டியது? செத்துப்போனவர்கள் படம் வெட்டிக்கொண்டு இருக்கமாட்டார்கள். இது உயிரோடு இருக்கிற யாரோ செய்த வேலை. அதை நினைத்துக்கொண்டு நான் குந்தியிருக்கையில், தலைக்கு நேர் மேலே கதிரை ஒன்று இழுபட்டது.

அக்கா உடம்புக்கு முடியாத நாட்களில் மடிக்கணினியை மேலே கொண்டுபோய் வேலை செய்வார். எங்கள் வைஃபை அவருடைய குசினிவரைக்கும் எட்டும். மேலேயிருந்து அனுப்புவார், கீழே அச்சாகும். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும், கணினி கடைக்குப் போய்விட்டது என்று நானே முடிவு கட்டியிருந்ததால், இத்தனை நாளும் அந்தப் பக்கமே யோசிக்கவில்லை. ஐயா அதை மேலே தனியாக இருக்கும் அக்காவின் கணவரிடம் கொடுத்திருக்கிறார். கதிரையின் எண்ணும் அதோடு மேலே போயிருக்கிறது.

தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு படியேறினேன்.

வீட்டுக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. அண்ணை வாசலில் நின்றார். அக்காவின் வீட்டுக்காரரை நான் அப்படித்தான் கூப்பிடுவது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. படியில் என் தலை தெரிந்தபோது அவர் முகத்தில் இருந்த எதிர்பார்ப்பு, நான் இன்னார் என்று தெரிந்ததும் இல்லாமல் போனது. அதை நான் கண்ணால் பார்த்தேன். என் வாழ்நாளில் யாரையும் அப்படி ஏமாற்றியதில்லை.

"நீங்களோ தங்கச்சி" என்றார். பிறகு, "வாங்கோ, வாங்கோ" என்றார்.

சாப்பாட்டு மேசையில் அக்காவின் மடிக்கணினி திறந்திருந்தது. திரையில் அதே சிரிப்பு. பக்கத்தில் சின்ன விளக்கு ஒன்று எரிந்தது. அதற்குப் பக்கத்தில் இரண்டு கோப்பைத் தேத்தண்ணி, இரண்டிலும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

நான் தாள்களை நீட்டினேன். அவர் மேல் தாளை மட்டும் எடுத்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"வந்திட்டுதோ. ஒவ்வொரு நாளும் அமத்திப் பார்த்தனான், கீழை சத்தமே வரேல்லை. கட்டு அடிக்க அவ ரெண்டு விரலால அமத்துறதைக் கண்டனான். அதைத்தான் நானும் செய்தது."

"ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் எடுத்துத் தந்திருப்பனே அண்ணை."

"உங்களட்டை எப்பிடிக் கேக்கிறது? உங்கட கையெல்லோ அதில இருக்கு."

செத்தவரின் படத்தில் உயிரோடு இருப்பவர் தெரிந்தால் அதற்கு மாலை போடமாட்டார்கள், சுவரில் மாட்டவும் யோசிப்பார்கள். எங்கள் ஆட்களிடம் இருக்கிற வழக்கம்தான். அவர் கூச்சப்பட்டது அதற்குத்தான் என்று நினைத்தேன்.

"அது ஒண்டுமில்லை. ஸ்டூடியோவில குடுத்தா கையை அழிச்சுத் தருவாங்கள்" என்றேன்.

"அழிக்க வேண்டாம்." கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "வருசம் முடியுது, ஆட்டைத் திவசம் வருது. படத்தைப் பெருப்பிச்சு மாலை போட்டு வையுங்கோ எண்டு மகன் நெடுகச் சொல்லுறான். எனக்கு அவவுக்கு மாலை போட ஏலாது தங்கச்சி. தேடித் தேடி இதை எடுத்து, உங்கட கையை மட்டும் விட்டு வெட்டினனான். அந்தக் கை இருந்தா ஒருத்தரும் மாலை போடச் சொல்லமாட்டினம். உங்களுக்கு அது ஒத்துக்கொள்ளாட்டிச் சொல்லுங்கோ."

என்னை வெட்டியதற்குச் சண்டை பிடிக்க ஏறிவந்தவள் நான்.

"இருக்கட்டும் அண்ணை" என்றேன். "என்ரை கை அங்கையே இருக்கட்டும்."

அவர் ஒரு கோப்பையை என் பக்கம் தள்ளினார். வாங்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது. நான் வருவது அவருக்குத் தெரியாது. நான் வருமுன்னமே இரண்டாவது கோப்பை ஊற்றியாகிவிட்டது.

"ஆரும் வரப்போகினமோ அண்ணை?"

அவர் கோப்பையைப் பார்த்தார். "கீழை அந்த மெசின் தொடர்ந்து ஓடினா, கட்டு அடிக்கிறா, இனி வரப்போறா எண்டு நான் கேத்திலை வைக்கிறது. இத்தனை வருசப் பழக்கம். அவ போனாப்பிறகு பின்னேரத்தில அது ஓடேல்லை. நானும் மெல்ல மெல்ல விட்டிட்டன். இப்ப கொஞ்ச நாளா திரும்ப ஓடுது. கை தானாப் போய்க் கேத்திலை வைக்குது. வைச்சிட்டு, அவவின்ரை கொம்பியூட்டரைப் போட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பன். இண்டைக்குக் கனநேரம் ஓடிச்சுது. படியில காலடியும் கேட்டுது."

கோப்பையை மேசையில் வைத்தேன். நான் கட்டைத் தொடங்குவேன். சத்தம் கேட்டு இவர் கேத்திலை வைப்பார், அக்காவின் கணினியைத் திறப்பார், அது பதினேழில் வந்து உட்காரும், என் கட்டு நிற்கும். அவர் அமத்திய படமும் அச்சாகாமல் தேங்கி நிற்கும்; இன்று என் வயர் கழன்றதும் எல்லாம் சேர்ந்து வந்திருக்கிறது. நான் கீழே இருந்துகொண்டு அக்கா வந்துவிட்டார் என்று நடுங்குவேன். மேலே இவர் இரண்டாவது கோப்பையை ஊற்றிவிட்டு அக்காவுக்காகக் காத்திருப்பார். இத்தனை நாளும் இந்த வீட்டில் பேயாக உலாவியது நான்தான்.

"நான் இனிக் கட்டைப் பின்னேரம் விட்டிட்டுக் காலமையில அடிக்கிறன் அண்ணை. ஐயாவுக்குச் சொன்னா விளங்கும்."

"வேண்டாம்" என்றார். விளக்கின் திரியைத் தூண்டிவிட்டார். பிறகு, "பின்னேரமே அடியுங்கோ" என்றார்.

திங்கட்கிழமை ஐயாவிடம் நான் சொல்ல வைத்திருந்ததைச் சொல்லவில்லை. நானா வந்தார். புதுக் கணினிக்குப் பத்தொன்பது என்று எண் போடச் சொன்னேன்.

"அப்ப பதினேழ?"

"அது அவவின்ரை. அங்கை ஆள் இருக்கு."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வேலையை முடித்தார். நான் பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டி, பத்தொன்பது என்று எழுதி, அக்காவின் பதினேழுக்குக் கீழே ஒட்டினேன். இப்போது அந்தக் கதிரைக்கு மட்டும் இரண்டு எண். மெத்தையை நான் மாற்றவில்லை. பள்ளம் எனக்கும் சரியாகத்தான் இருக்கிறது.

படம் மேலே சுவரில் தொங்குகிறது. மாலை இல்லை. வருகிறவர்கள் தோளில் இருக்கும் கையைப் பார்த்து, இது யார் என்று கேட்கிறார்களாம்.

பின்னேரம் விளக்கு வைத்ததும் கட்டை அனுப்புகிறேன். பிறப்பு, விவாகம், மரணம். இப்போது பாதியில் நிற்பதில்லை. பிரிண்டர் ஓடத் தொடங்கிச் சற்று நேரத்தில் மேலே கதிரை இழுபடும், பிறகு கேத்திலில் தண்ணீர் விழும். நேரம் இருந்தால் ஏறிப்போய் ஒரு கோப்பையைக் குடித்துவிட்டுப் போகிறேன். பஸ் பிந்திவிடும் என்ற நாட்களில் நான் போவதில்லை. அந்த நாட்களிலும் அவர் இரண்டு கோப்பைதான் ஊற்றுகிறார்.